சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலும் அதன் முகப்பும்

கொழும்பு புறக்கோட்டையில் இரண்டாம் குறுக்குத் தெருவும் பாங்க்ஷால் வீதியும் சந்திக்கும் மூலையில் அமைந்துள்ள ஜாமிஉல் அல்பார் ஜும்ஆப் பள்ளிவாசலைப் பற்றி நம்மிடையே வழங்கும் கருத்துக்கள் இருவகையின. உல்லாசப் பயணிகளுக்கென எழுதப்படும் கைந்நூல்கள் அதனை ஒரு வேடிக்கைப் பொருளாகவே காண்கின்றன. சிவப்பும் வெள்ளையுமான பட்டைகள், முறுக்கிவிட்டாற் போன்ற தூண்கள், மாதுளம்பழ வடிவிலான குவிமாடங்கள் ஆகியன அவற்றை எழுதுவோருக்கு மிட்டாயை நினைவூட்டுகின்றன. அதற்கு மேல் அவர்கள் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கட்டடக்கலையிற் பயிற்சியுடையோரோ அதனைக் கலப்புப் பாணிக்கு ஓர் உதாரணம் என வகைப்படுத்தி, அத்துடன் அமைதியடைந்து விடுகின்றனர். கலப்பு என்ற சொல்லிலே ஒரு குறைகூறலும் மறைந்து நிற்கின்றது. தூய மொகலாயமுமன்று, தூய ஐரோப்பியமுமன்று, உள்ளூர் மரபுமன்று. ஆகவே ஊன்றி ஆராய்வதற்குரியதுமன்று என்பது அதன் உட்கிடை.

இவ்விரு நோக்குகளும் ஓர் எளிய வினாவைத் தவிர்த்து விடுகின்றன. 1908 ஆம் ஆண்டிலே புறக்கோட்டையில் வணிகம் செய்துவந்த தென்னிந்திய முஸ்லிம்கள் தமக்கென ஒரு பள்ளிவாசலைக் கட்ட முற்பட்டபோது, ஏன் இந்த முகத்தைத் தெரிந்தெடுத்தனர்? தமது சொந்த ஊர்களில் முற்றிலும் வேறான பள்ளிவாசல்களிலே தொழுது பழகியவர்கள் அவர்கள். அந்த வடிவைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு, தம் முன்னோர் அறிந்திராத ஒரு வடிவை இங்கே எழுப்பினார்கள். இதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரை. விடையின் ஒரு பகுதி அழகியல் சார்ந்தது. பெரும்பகுதி அன்றைய கொழும்பின் சமூக வரலாறு சார்ந்தது.

முதலில் இடத்தைப் பற்றிச் சில சொல்லவேண்டும். புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்கள் ஒல்லாந்தர் வகுத்தவை. அவர்களது ஆட்சியில் சோனகரும் தமிழரும் கோட்டைக்குள்ளும் புறக்கோட்டையினுள்ளும் வீடும் நிலமும் வாங்கிக் குடியிருத்தல் தடைசெய்யப்பட்டிருந்தது. பிரித்தானியர் வந்த பின்னரும் பல்லாண்டுகள் நிலைத்திருந்த இத்தடை 1832 இலேயே நீக்கப்பட்டது. ஆக, இப்பள்ளிவாசலுக்கு வேலை தொடங்கிய காலத்தில், அவ்விடத்திலே ஒரு முஸ்லிம் சட்டப்படி நிலம் வைத்திருக்கும் உரிமை பெற்று எண்பது ஆண்டுகள் கூட நிறைவுறவில்லை. புறக்கோட்டையை என்றென்றும் முஸ்லிம் வணிகரின் கோட்டமாக இருந்துவந்த ஓரிடம் போலக் கருதுவோர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

சுயெஸ் கால்வாய் 1869 இல் திறக்கப்பட்டமையும், கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் 1875 இல் தொடங்கி 1885 இல் நிறைவுற்றமையும் இந்நகரின் தலையெழுத்தை மாற்றின. காலியிற் தங்கிய கப்பல்கள் கொழும்புக்கு வந்தன. கோப்பியும் பின்னர் தேயிலையும் வெளியே செல்ல, தோட்டத் தொழிலாளருக்கான அரிசியும் புடைவையும் உள்ளே வந்தன. அவ்வரிசியையும் புடைவையையும் இறக்குமதி செய்தும், மலைநாட்டுக் கடைத்தெருக்களிற் சில்லறையாக விற்றும் வாழ்ந்தவர்களுள் தென்னிந்தியக் கரையோர முஸ்லிம்கள் முதன்மையானவர்கள். அரச பதிவேடுகள் அவர்களைக் கரையோரச் சோனகர் என்றும் இந்தியச் சோனகர் என்றும் குறித்தன. மக்கள் வழக்கில் அவர்கள் சம்மான்காரர். சம்மான் என்பது மரக்கலத்தைக் குறிக்கும் சொல் என்றும், தோணியேறி வந்தவர்கள் என்ற கருத்திலே அப்பெயர் ஏற்பட்டது என்றும் பொருள் கூறுவர். சிங்களத்தில் வழங்கும் ‘ஹம்பயா’ என்ற சொல்லையும் இதனோடு தொடர்புறுத்துவதுண்டு. அச்சொல்லில் ஏளனமும் கலந்திருந்தது. பள்ளிவாசலின் சாசனப் பெயர் எதுவாயினும், தமிழ் பேசும் மக்களிடையே அது சம்மாங்கோட்டுப் பள்ளியாகவே அறியப்பட்டது.

சம்மான்காரர் விட்டுவந்த ஊர்களின் பள்ளிவாசல்கள் எத்தகையன? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ள பழைய பள்ளிகளைக் கண்டோர் உடனே கூறுவது, அவை கோயில் மண்டபங்களை ஒத்திருக்கின்றன என்பதே. கருங்கற்றூண்கள் வரிசை வரிசையாக நிற்கும். தூணின் மேலே போதிகை. போதிகையின் மேலே உத்திரம். அதற்கு மேலே தட்டையான கற்றளம். குவிமாடம் இல்லை, வானை நோக்கி எழும் மினாராவும் இல்லை. உருவங்களை விலக்கிக் கொடியும் மலரும் வடிவக் கோலங்களுமாக அமைந்த செதுக்கல், அதே சிற்பிகளின் கைவண்ணம் என்பதைத் தெளிவாகக் காட்டும். சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கீழக்கரை ஜும்ஆப் பள்ளி இம்மரபின் சிறந்த சான்று. தமிழகத்துக் கல்தச்சரின் கலை தன்னை மாற்றிக்கொள்ளாமலே இன்னொரு வழிபாட்டிற்கு இடங்கொடுத்த சிறப்பை அங்கே காணலாம். நமது கலை வரலாற்று நூல்கள் பல தமிழர் கட்டடக்கலை என்ற தலைப்பின் கீழே கோயில்களை மட்டும் எழுதிவிட்டு நின்றுவிடுவதால், இப்பள்ளிகள் யாருடைய வரலாற்றிலும் முழுமையாக இடம்பெறாது போயின.

இத்தகைய மரபுக்குரியோர் கொழும்பிலே கட்டியது, அதன் எதிர்மறை எனத் தக்கது. கல்லுக்குப் பதில் செங்கல். உத்திரத்துக்குப் பதில் வளைவு. தட்டைத் தளத்துக்குப் பதில் குவிமாடங்களும் மினாராக்களும். நிழலும் அடக்கமும் நிறைந்த மண்டபத்துக்குப் பதில் தெருவை மறித்து நின்று பார் என்று சொல்லும் முகப்பு. 1908 இல் தொடங்கிய வேலை 1909 இல் நிறைவெய்தியது. வடிவமைத்தவரும் கட்டியவரும் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை என்பவர். அவர் முறையாகப் பயின்று பட்டம் பெற்ற கட்டடக்கலைஞரல்லர். லெப்பை என்ற பெயர் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் வழங்குவது. எனவே பெயரை மட்டும் கொண்டு எதையும் துணிவதற்கில்லை. தென்னிந்திய வணிகர்கள் தாம் அறிந்திருந்த இந்தோ-சரசனிய கட்டடங்களின் விவரங்களையும் படங்களையும் அவரிடம் கொடுத்தனர் என்றும், அவற்றைக் கொண்டே அவர் இப்பள்ளிவாசலை வகுத்தார் என்றும் அறிகின்றோம்.

இந்த இந்தோ-சரசனிய பாணி பற்றிச் சிறிது விரித்துரைப்பது அவசியமாகின்றது. பெயரைக் கேட்டால் அது இந்திய முஸ்லிம்களின் மரபுரிமை போலத் தோன்றும். உண்மையில் அது பிரித்தானிய அலுவலகங்களிற் பிறந்தது. சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு 1870 இல் ஆற்றிய ஓர் உரையிலே, இந்தியாவில் எழும் அரச கட்டடங்களுக்கு முஸ்லிம் கட்டடக்கலை மரபே பொருத்தமானதென வாதாடினார். வளைவும் குவிமாடமும் வெப்ப நாட்டிற்கு ஏற்றவை என்பது அவரது வாதம். மொகலாயரின் பின் வந்த பேரரசு மொகலாயரின் உடையை அணிந்துகொள்வதில் அரசியற் பயனும் இருந்தது. சிஷோம் என்பார் சேப்பாக்கத்திலே ஆர்க்காட்டு நவாபுகளின் அரண்மனையைத் திருத்தியமைத்தார். 1879 இல் பல்கலைக்கழகத்துக்கான செனற் மண்டபத்தை முடித்தார். 1892 இல் சென்னை உயர்நீதிமன்றம் செந்நிறச் செங்கல்லில் எழுந்தது. குவிமாடங்களும் கோபுரங்களும் நிறைந்த அக்கட்டடத்தின் உச்சியிலே 1894 முதல் ஒரு கலங்கரை விளக்கமும் எரிந்தது. கடல்வழியே சென்னைக்கு வந்துபோன ஒவ்வொரு வணிகனுக்கும் நகரின் முதல் அடையாளம் அதுவாகவே இருந்திருக்கும்.

சம்மான்காரர் கையிலிருந்த படங்கள் எவற்றின் படங்கள் என்று இப்போது கூறமுடியாதாயினும், அவர்கள் கண்முன் இருந்த உலகம் இதுதான். வட இந்தியப் பாணி தமிழகத்து முஸ்லிம்களுக்கு ஆங்கிலேயரால் மட்டும் அறிமுகமானதன்று என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். திருவல்லிக்கேணியில் வாலாஜா நவாபு குடும்பத்தார் 1795 இல் கட்டிய பெரிய பள்ளிவாசல் முன்னரே அதற்கு வழிகாட்டியிருந்தது. எனினும், அது ஆளும் குடும்பம் ஒன்றின் கொடை. கடையும் கிட்டங்கியும் வைத்திருந்தோர் தாமே பணந்திரட்டி அவ்வடிவை நாடியமை வேறொரு செய்தி.

இங்கே ஓர் ஒப்பீடு பெரிதும் பயன்படும். கோலாலம்பூரில், கோம்பாக் ஆறும் கிளாங் ஆறும் கூடுமிடத்திலே உள்ள ஜாமிக் பள்ளிவாசல் 1909 டிசம்பரிற் திறந்துவைக்கப்பட்டது. அதுவும் செங்கல்லும் வெண்சாந்துமாகப் பட்டை பட்டையாகத் தோன்றுவது, அதுவும் இந்தோ-சரசனியமே. கொழும்புப் பள்ளியைப் பார்த்தோர் பலர் கோலாலம்பூரை நினைவுகூருவதில் வியப்பில்லை. ஆனால் இரண்டும் ஒரே மரத்தின் இரு கிளைகளல்ல. கோலாலம்பூர்ப் பள்ளியை வரைந்தவர் ஹுபாக் என்ற ஆங்கிலக் கட்டடக்கலைஞர், அரச சேவையிலிருந்தவர். அந்நகரில் இப்பாணிக்கு முன்னரே அரசு இடங்கொடுத்திருந்தது. 1897 இல் முடிந்த அரச செயலகக் கட்டடத்துக்கு அதுவே ஏற்றதென வற்புறுத்தியவராகச் சொல்லப்படும் ஸ்பூனர், மலாயாவுக்குச் செல்லுமுன் இலங்கைப் பொதுவேலைப் பகுதியிற் பணியாற்றியவர் என்பது சுவையான செய்தி.

சுவை எங்கே இருக்கிறதென்றால், அதே பொதுவேலைப் பகுதி இலங்கையில் இப்பாணியை ஏறத்தாழத் தொடவேயில்லை. 1877 இற் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலை இத்தாலிய முறையிலமைந்தது. புறக்கோட்டையிலேயே 1873 இல் எழுந்த பழைய நகர மண்டபம் கோதிக் பாணியிலானது. சென்னையிலும் கோலாலம்பூரிலும் ஆட்சியாளர் தாமே உடுத்துக்கொண்ட உடையை, கொழும்பிலே ஆட்சியாளர் உடுத்தவில்லை. தெருவிலிருந்த வணிகரே உடுத்தனர். மேலிருந்து கீழ்நோக்கி இறக்கப்பட்ட ஒரு பாணி, இங்கே பக்கவாட்டிலே, கப்பல்வழியே, கணக்குப் புத்தகங்களோடும் சரக்கு மூடைகளோடும் வந்து சேர்ந்தது. இவ்வேறுபாட்டைக் காணாமல் இரண்டையும் ஒரே வகையுள் அடக்குவது வகைப்பாடாக இருக்கலாம், விமர்சனமாகாது.

இக்கூற்றுக்கு ஒரு விலக்கு உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. இன்றைய லிப்டன் சதுக்கத்தருகே 1903 இல் அடிக்கல் நாட்டப்பெற்ற விக்டோரியா ஞாபகார்த்தக் கண் வைத்தியசாலை, எட்வேட் ஸ்கின்னர் என்ற கட்டடக்கலைஞரால் இந்தோ-சரசனிய முறையில் வகுக்கப்பட்டது. செந்நிறமும் வெண்ணிறமும் மாறிமாறி அமைவது. கோட்டையிலுள்ள கார்கில்ஸ் கட்டடத்தை ஐரோப்பிய முறையில் அமைத்தவரும் இதே ஸ்கின்னரே. சட்டை மாற்றுவதுபோல் பாணி மாற்றிய காலம் அது. எவ்வாறாயினும், சாயிபு லெப்பை வேலையைத் தொடங்கியபோது, பட்டைபோட்ட ஒரு கட்டடம் ஒருசில கல் தொலைவிற்குள் நின்றது. படங்களை மட்டுமே பார்த்து அவர் கட்டினார் என்ற வழமையான கூற்றை நாம் சற்று எச்சரிக்கையோடு ஏற்கவேண்டும். மேசன்மார் அடுத்த தெருவில் நடக்கும் வேலையைப் பாராமல் இருப்பவர்களல்லர்.

எனினும் படம் என்ற செய்தியில் ஓர் ஆழ்ந்த உண்மை இருக்கின்றது. படம் பார்த்துக் கட்டுபவன் முகத்தைக் கட்டுகிறான். ஒரு கட்டடத்தின் தோற்றத்தைப் படம் காட்டும். அதன் கிடைப்படத்தைக் காட்டாது. பாரம் எந்த வழியாக நிலத்துக்கு இறங்குகிறது என்பதைக் காட்டாது. ஜாமிஉல் அல்பாரின் பலமும் பலவீனமும் இதிலிருந்தே பிறக்கின்றன. குறுகிய தெருவில், நாட்டாமிமாரின் தள்ளுவண்டிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று அண்ணாந்து பார்க்கும் ஒருவனுக்கு, அம்முகப்பு வேறெந்தக் கொழும்புக் கட்டடமும் தராத ஓர் அதிர்ச்சியைத் தருகின்றது. கண்ணுக்கு ஓய்வே இல்லை. சுவரிற் கிடையாக ஓடும் பட்டை, தூணை அடைந்ததும் சுற்றிச் சுழன்று ஏறுகின்றது. வேறோரிடத்தில் சதுரங்கக் கட்டங்களாகச் சிதறுகின்றது. மினாராக்கள் தேவைக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் நெருங்கி நிற்கின்றன. அவற்றுட் பல பாங்கு சொல்ல ஏறுவதற்கானவையல்ல, வானக்கோட்டை நிரப்புவதற்கானவை.

சிவப்பும் வெள்ளையுமான பட்டைக்கு இஸ்லாமியக் கட்டடக்கலையில் நீண்ட வரலாறு உண்டு. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் அப்துர் றஹ்மான் தொடக்கிய கோர்டோபாப் பெரிய பள்ளிவாசலின் வளைவுகளில், செங்கல்லும் வெண்கல்லும் மாறிமாறி அடுக்கப்பட்டுள்ளன. அங்கே நிறம் என்பது பொருளின் நிறம். வளைவைத் தாங்குவதும் கண்ணைக் கவர்வதும் ஒரே செயலின் இரு பக்கங்கள். கொழும்பில் அவ்வாறில்லை. இங்கே பட்டை சுவரின் பணியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பரப்பின்மேல் விரிக்கப்பட்ட துணிபோலக் கிடக்கின்றது. கட்டமைப்பின் உண்மையே கட்டடத்தின் அழகு எனக் கொள்ளும் கொள்கையாளர் இதனைப் பொய் என்பர். அக்கொள்கையை அளவுகோலாகக் கொண்டால் அவர்களோடு முரண்பட இடமில்லை. ஆனால் அந்த அளவுகோலை எல்லாவற்றுக்கும் வைக்கலாமா? சுதை வேலையாலும் வண்ணத்தாலும் மூடப்பட்ட நமது கோயிற் கோபுரங்களின் உள்ளேயும் வெறும் செங்கல்லே இருக்கின்றது. அவற்றைப் பொய் என யாரும் ஒதுக்குவதில்லை. புடைவை வணிகத்தாற் செழித்த ஒரு சமூகம் தன் பள்ளிவாசலுக்கு நெசவின் கோலங்களை உடுத்தியது எனச் சொல்ல ஆசை எழுகின்றது. ஆயினும் அதற்குச் சான்றில்லை என்பதால் அந்த ஆசையை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

முகப்பில் ஒரு மணிக்கூண்டும் இருக்கின்றது. தொழுகை நேரத்தை வகுப்பது சூரியன், மணிக்கூடன்று. வணிகருக்கு மணிக்கூடு வேண்டும். கப்பலுக்கும் சுங்கத்துக்கும் அது வேண்டும். கோட்டையிலே 1857 முதல் அரசின் மணிக்கூண்டு நின்றது. புறக்கோட்டை வணிகர் தமக்கென ஒன்றை, அதுவும் பள்ளிவாசலின் முகத்திலேயே, வைத்துக்கொண்டமை அவர்கள் தம்மை எப்படிப் பட்டவர்களாகக் காட்ட விரும்பினார்கள் என்பதற்குப் பட்டைகளைவிடத் தெளிவான சான்று என்பேன்.

இனி முதல் வினாவுக்குத் திரும்பலாம். ஏன் இந்த முகம்? பள்ளிவாசலுக்கு வேலை தொடங்கிய அக்காலம் இலங்கை முஸ்லிம்களிடையே தன்னடையாளம் பற்றிய விவாதம் கொதித்துக்கொண்டிருந்த காலம். பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் றோயல் ஏசியாற்றிக் சங்கத்தின் இலங்கைக் கிளையிலே, சோனகர் இனத்தால் தமிழரே எனக் கட்டுரை படித்திருந்தார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இல், அராபிய வம்சாவளியை வலியுறுத்தி அதற்கு மறுப்பு வெளியிட்டார். இடையிலே, எகிப்தியப் புரட்சித் தலைவர் அராபி பாஷா 1883 முதல் இந்நாட்டிலே நாடுகடத்தப்பட்டவராக வாழ்ந்தார். சித்தி லெப்பை ‘முஸ்லிம் நேசன்’ நடத்தினார். 1885 இல் எகிப்திய இளைஞன் ஒருவனைத் தலைவனாக்கி ‘அசன்பேயுடைய சரித்திரம்’ எழுதினார். நீதிமன்றில் துருக்கித் தொப்பியோடு தோன்ற அப்துல் காதர் என்ற வழக்கறிஞருக்கு அனுமதி மறுக்கப்பட்டமை 1905 இல் மருதானைப் பள்ளிவாசலிலே பெருங்கூட்டத்தைக் கூட்டியது. தொப்பி, நாவல், குவிமாடம் ஆகிய மூன்றும் ஒரே திசையை நோக்குகின்றன. உள்ளூர்க் கரையைக் கடந்து, கெய்ரோவும் இஸ்தான்புலும் டெல்லியும் சேர்ந்த ஓர் அகன்ற உலகத்துக்குத் தாம் உரியவர் என்ற உணர்வே அது.

ஆனால் இவ்விளக்கத்தை முழுமையெனக் கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. இராமநாதனும் அஸீஸும் வாதாடியது இலங்கைச் சோனகரின் தோற்றம் பற்றி. சட்டசபை இடத்துக்கும் உரிமைக்கும் அது அடிப்படையாகியது. சம்மான்காரர் அந்த வழக்கின் தரப்பினரல்லர். இன்னும் சொன்னால், இலங்கைச் சோனகர் தம்மை அவர்களிடமிருந்து பிரித்துக்காட்ட முயன்ற காலமும் அதுவே. எனவே பள்ளிவாசலின் முகப்பிலே அராபிய வாதத்தின் எதிரொலியைக் காண்பது மிகையாகும். அங்கே நாம் காண்பது சென்னையின் எதிரொலி. ஊரிலே கற்பள்ளியைப் பிறப்புரிமையாகக் கொண்டிருந்தவர்கள், வெளியூரிலே உயர்நீதிமன்றத்தின் கம்பீரத்தை விலைக்கு வாங்கினார்கள். வந்தேறிகள், தோணிக்காரர், ஹம்பயாக்கள் எனப்பட்டோருக்கு, துறைமுகத்திலிருந்து பார்த்தாலே தெரியக்கூடிய ஓர் உயரம் தேவைப்பட்டது. வேறு உயர்ந்த கட்டடங்கள் எழுமுன்னர், துறைமுகத்தை நெருங்கிய மாலுமிகள் இப்பள்ளியைக் கண்டே கொழும்பை இனங்கண்டனர் என்ற கதை இன்றும் சொல்லப்படுகின்றது. கதை எவ்வளவு உண்மையோ அறியோம். அதைச் சொல்லிக்கொள்ள அவர்கள் விரும்பினார்கள் என்பது உண்மை. ஆரம்பத்தில் ஏறத்தாழ ஐந்நூறு பேரே தொழுகைக்கு வந்தனர். கட்டடமோ 1,500 பேருக்காகக் கட்டப்பட்டது. நிலத்தின் விலை ஏறிய தெருவிலே இரண்டு மாடியாக, தேவையின் மும்மடங்காகக் கட்டியவர்கள் தொழுகையை மட்டும் நினைத்துக் கட்டவில்லை.

அதே காலத்தில் காலிக் கோட்டையில் எழுந்த மீரான் பள்ளிவாசலை அருகில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். அது கிறித்தவ தேவாலயம்போற் தோன்றுவது. இரட்டைக் கோபுரங்களோடு தன் சுற்றாடலில் அமைதியாகக் கலந்துவிடுவது. பலர் அதைப் பள்ளிவாசல் என அறியாமலே கடந்து செல்கின்றனர். கொழும்புப் பள்ளியை அறியாமற் கடந்தவர் எவருமிலர். ஒன்று நீண்டகாலம் வேரூன்றிய குடிகளின் பள்ளி. மற்றது தன்னிருப்பை நிலைநாட்டவேண்டியிருந்த ஒரு புதிய சமூகத்தினது.

நிலைநாட்டல் எளிதில் நிறைவேறவில்லை. பள்ளி நிறைவெய்தி ஆறாண்டுகளுக்குள், 1915 மே மாத இறுதியில் கண்டியிலே தொடங்கிய கலவரம் கொழும்பு உட்பட நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. கம்பளையில் ஊர்வலம் ஒன்று பள்ளிவாசலைக் கடக்கும்போது வாத்தியம் இசைப்பது பற்றிய வழக்கு அதன் முன்னோடியாயிற்று. அவ்வழக்கிலும் எதிர்த்தரப்பினர் கரையோரச் சோனகரே. விவகாரத்துக்குரியதும் அவர்களது பள்ளியே. அரச கணக்கின்படி 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன, 86 சேதமாக்கப்பட்டன, நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகளும் வீடுகளும் கொள்ளையிடப்பட்டன. கலவரத்தின் பொருளாதார அடிப்படைகளைக் குமாரி ஜயவர்த்தனவும், பின்னர் அமீர் அலியும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். கட்டடக்கலை மாணவன் அவற்றோடு சேர்க்கவேண்டியது ஒன்றுண்டு. கடனுக்குப் பொருள் கொடுக்கும் கடைக்காரன் மீதான கசப்பு, அவன் எழுப்பிய மினாராவின் மீதும் பாய்ந்தது. கண்ணிற் படும்படி கட்டியவர்களுக்கு அதுவே பாதுகாப்புமாயிற்று, ஆபத்துமாயிற்று.

பின்னர் நடந்தவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் சம்மான்காரருட் பெரும்பாலோர் கடைகளை விற்று ஊர் திரும்பினர். எஞ்சியோர் காலப்போக்கில் இலங்கைச் சோனகரோடு கலந்தனர். பள்ளிவாசலைக் கட்டிய சமூகம் ஒரு தனிச் சமூகமாக இன்று கொழும்பில் இல்லை.

பள்ளிவாசலோ வளர்ந்தது. 1975 இல் ஹாஜி உமர் நம்பிக்கை நிதியத்தின் உதவியோடு அயலிலுள்ள காணிகள் வாங்கப்பட்டு, பத்தாயிரம் பேர் தொழத்தக்கதாக விரிவாக்கும் வேலை தொடங்கப்பட்டது. வெள்ளிக்கிழமைகளிற் புறக்கோட்டையைப் பார்த்தவர்கள் அதன் தேவையை மறுக்கமாட்டார்கள். புதிய பகுதியும் பழைய பட்டைகளையும் குவிமாடங்களையும் தொடர்ந்து அணிந்துகொள்கின்றது. இங்கேதான் விமர்சகனுக்குச் சங்கடம். பழைய கட்டடத்தின் ஆற்றல் அதன் நெருக்கத்திலே இருந்தது. ஒரு குறுகிய நிலத்துண்டில் இத்தனை மினாராக்களும் இத்தனை கோலங்களும் திணிக்கப்பட்டமையே அதற்குத் தீவிரத்தைத் தந்தது. அதே கோலத்தைப் பலமடங்கு பரப்பில் நீட்டும்போது அது ஒரு துணிச்சலாக இல்லாமல், பழக்கமாகி விடுகின்றது. சாயிபு லெப்பையின் கை ஒவ்வோர் அடியிலும் எதையோ தேடியது. அடுத்த தூணில் பட்டை எப்படித் திரும்பும் என்பதை அவர் முன்கூட்டி அறிந்திருந்ததாகத் தோன்றவில்லை. பின்வந்தோருக்கு விடை முன்னரே தெரியும். இதனால் அவர்களை நான் குறைகூறவில்லை. வேறு பாணியிற் கட்டியிருந்தால் அது இன்னும் பெரிய பிழையாக இருந்திருக்கும். ஆனால் பழையது எங்கே முடிந்து புதியது எங்கே தொடங்குகின்றது என்பதைப் பார்ப்போன் அறியும்படி ஒரு சிறு இடைவெளியாவது, ஒரு வெறுஞ்சுவராவது விடப்பட்டிருக்கலாம்.

இன்று இரண்டாம் குறுக்குத் தெருவில் வெளிநாட்டார் அனேகர் நின்று படம் பிடிக்கின்றனர். படத்திலிருந்து பிறந்த கட்டடம் மீண்டும் படமாகின்றது. கடைப் பொடியன்கள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. மூடைகள் இறங்குகின்றன, ழுஹருக்குப் பாங்கு சொல்லப்பட்டதும் சில கடைகளின் கதவு பாதி சாத்தப்படுகின்றது. முச்சக்கர வண்டிக்காரரிடம் சம்மாங்கோடு என்றால் வேறு விளக்கம் கேட்காமற் கொண்டுவந்து விடுகிறார். சம்மான் என்றால் என்ன என்று ஒருவரிடம் கேட்டேன். பள்ளியின் பேர் என்றார்.